முதல் சம்பளத்துல சட்டை எடுக்கப் போறீங்களா? எவ்ளோ குடுக்கலாம், எதுக்குக் குடுக்கலாம்

எங்க வீட்ல மூணு ஆம்பளைங்க, மூணு பேரும் சட்டை விலைய பத்தி மூணு விதமா பொய் சொல்லுவோம். அப்பாவ கேட்டா "ஐநூறு ரூபா சட்டைடா இது"ம்பாரு, அவரு சொல்றது பிட் விலை மட்டும், தையல் கூலி 450 அவரோட கணக்குல வராது, அது என்னமோ டெய்லருக்கு குடுத்த மொய் மாதிரி. அத்தான் 2,999 எம்ஆர்பி சட்டைய 1,800க்கு எடுத்துட்டு "1,200 ரூபா மிச்சம் பண்ணேன்"னு சொல்லுவாரு, 1,800 செலவு பண்ணத வாயே திறக்க மாட்டாரு. நான் வேலைக்கு சேந்த புதுசுல மூணு சட்டை ஆயிரம் ரூபான்னு காம்போல எடுத்துட்டு பெருமையா திரிஞ்சேன், ஆறே மாசத்துல மூணும் தலகாணி உறையா ஆயிருச்சு, அத யார்கிட்டயும் சொல்லல.

இத படிக்குற நிறைய பேரு இப்பதான் காலேஜ் முடிச்சு வேலைக்கு போறவங்களா இருப்பீங்க, இதுவரைக்கும் அம்மாவோ அக்காவோ கூட வந்து "இது நல்லாருக்கு பாரு"ன்னு எடுத்துக் குடுத்திருப்பாங்க, இப்ப முதல் தடவ உங்க காச எண்ணி நீங்களே எடுக்கப் போறீங்க. அதுக்குத்தான் இது. மூணு வருஷம் தப்பா எடுத்து கத்துக்கிட்டத வரிசையா சொல்றேன்.

முதல்ல கடைக்கு போகாதீங்க, பீரோவ திறங்க

இருக்குற சட்டை எல்லாத்தையும் கட்டில்ல போடுங்க. போன ஒரு மாசத்துல எது எது எத்தன தடவ போட்டீங்கன்னு யோசிச்சு பாருங்க. நான் பண்ணப்ப பதினாலு சட்டை இருந்துச்சு, அதுல அஞ்சுதான் திரும்ப திரும்ப போட்டிருக்கேன், மீதி ஒம்போதுல ஒண்ணு அக்கா கல்யாண ரிசப்ஷனுக்கு 2,800 குடுத்து எடுத்தது, பளபளன்னு மெரூன் கலர், அது மொத்தமா போட்டது நாலு தடவ. 2,800ஐ நாலால வகுத்தா ஒரு தடவைக்கு 700 ரூபா. அதே நேரம் ஆபீசுக்கு வாராவாரம் போட்ட சட்டை 450 ரூபா, எட்டு மாசத்துல காலர் நைஞ்சு போச்சு, சுமாரா 35 தடவ போட்டிருப்பேன், ஒரு தடவைக்கு 13 ரூபா கிட்ட வருது. அதுக்கப்புறம் 1,200க்கு ஒண்ணு எடுத்தேன், ரெண்டு வருஷம் ஆச்சு, வாரத்துக்கு ஒரு தடவன்னு நூறு தடவ தாண்டிருச்சு, அது 12 ரூபா. ஆக 450 ரூபா சட்டையும் 1,200 ரூபா சட்டையும் கடைசில ஒரே விலைதான், ஆனா ஒண்ணுல எட்டு மாசமும் அசிங்கமா திரிஞ்சிருக்கேன்.

நம்மாளுங்க பெரும்பாலும் பண்றது தலைகீழ். ஃபங்ஷன் சட்டைக்கு மூவாயிரம் யோசிக்காம குடுப்போம், ஏன்னா அன்னைக்கு நாலு பேரு பாப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. டெய்லி போடுற சட்டைக்கு 800 சொன்னா "அவ்ளோவா"ன்னு இழுப்போம். ஆனா ஆபீஸ்ல உங்கள வருஷம் பூரா பாக்குறது அந்த டெய்லி சட்டைலதான். ரிசப்ஷன்ல உங்கள பாத்தவன் பிரியாணிய பாக்க போயிருவான். காச அங்க இருந்து எடுத்து இங்க போடுங்க, இந்த கட்டுரைல நான் அழுத்தி சொல்ற விஷயம் இதுதான்.

ரெண்டாவது, எத்தன சட்டை, எவ்ளோ பட்ஜெட்

அஞ்சு நாள் ஆபீஸ்னா அஞ்சு சட்டை, ஆறு நாள்னா ஆறு, கூட ஒண்ணு மழைக்காலத்துல காயலன்னா போட்டுக்க. அவ்ளோதான். ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுக்காதீங்க. கைல 20,000 வருதுன்னு வைங்க, முதல் மாசம் ரெண்டு சட்டை, 900லேந்து 1,200க்குள்ள. மூணு தடவ துவைச்சு பாருங்க, சுருங்குதா, சாயம் போகுதா, காலர்ல பொட்டு பொட்டா கொப்புளம் மாதிரி வருதான்னு. தாங்குச்சுன்னா அடுத்த மாசம் அதே கடைல அதே சைஸ்ல வேற கலர்ல ரெண்டு. தாங்கலன்னா உங்க நஷ்டம் ரெண்டு சட்டையோட நிக்கும். நான் காம்போ எடுத்தப்ப இத பண்ணிருந்தா மூணு தலகாணி உறை மிச்சமாயிருக்கும்.

900-1,200 ஏன்னு கேக்கலாம். ஐநூறுக்கு கீழ ரெடிமேட் ஃபுல் ஹேண்ட் சட்டைல எங்கயோ ஒரு இடத்துல கை வச்சிருப்பாங்க, பெரும்பாலும் காலர் கேன்வாஸ் (காலர் விறைப்பா நிக்க உள்ள வைக்குற துணி), இல்லன்னா துணில பாலியஸ்டர் பாதிக்கு மேல. மேல போகப்போக 1,500 வரைக்கும் துணிலயும் தையல்லயும் வித்தியாசம் கைல தெரியும். அதுக்கு மேல குடுக்குறது பெரும்பாலும் பேருக்கு, பேக்கிங்க்கு, ஏசி ஷோரூம் வாடகைக்கு. லினன் வேற கதை, அது நூலே விலை ஜாஸ்தி.

விலைல ஒரு பள்ளம் இருக்கு, அத தெரிஞ்சுக்கங்க

2025 செப்டம்பர் 22லேந்து துணிமணிக்கு ஜிஎஸ்டி மாத்துனாங்க. ஒரு பீஸ் 2,500 ரூபா வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18. முன்னாடி ஆயிரத்துக்கு கீழ 5, மேல 12ன்னு இருந்துச்சு. இதுனால என்ன ஆகுதுன்னா, பில்லுல வரியோட 2,600 வர்ற சட்டைல வரி சுமாரா 124 ரூபா. வரியோட 3,000 வர்ற சட்டைல வரி 458 ரூபா கிட்ட. நீங்க 400 ரூபா கூட குடுக்குறீங்க, அதுல 334 ரூபா வரிக்கே போயிருது, சட்டைக்குன்னு போறது 66 ரூபா. அதுனால மாப்பிள்ள சட்டையே எடுத்தாலும் 2,600ஓட நிறுத்திக்கங்க, இல்ல லினன் கோட்டு லெவலுக்கு போறதுன்னா நல்லா மேல போயிருங்க, நடுவுல நின்னா வேஸ்ட்.

இன்னொன்னு, எம்ஆர்பில எல்லா வரியும் அடக்கம். ஆஃபர்ல எடுக்குறப்ப "தள்ளுபடி போக ஜிஎஸ்டி தனி"ன்னு பில்லுல ஏத்துவாங்க சில இடத்துல, எனக்கு ஒரு கடைல அப்படி ஆயிருக்கு, பின்னாடி ஆள் நிக்குறாங்கன்னு கூச்சப்பட்டு குடுத்துட்டு வந்துட்டேன். பில் போடுறதுக்கு முன்னாடியே "கைல எவ்ளோ வரும்ணா"ன்னு கேட்டுருங்க, கேரி பேக்குக்கு காசு உண்டான்னும் சேத்து கேளுங்க.

ரெடிமேடா, தைக்குறதா

இது உங்க உடம்ப பொறுத்தது. நடுத்தர உடம்பு, தோளும் வயிறும் ஒண்ணுக்கொண்ணு அளவா இருந்தா ரெடிமேட் போதும். ஒல்லியா உயரமா இருந்தா, இல்ல தோள் சின்னதா தொப்பை பெருசா இருந்தா, தைச்சுக்கறதுதான் லாபம், ரெடிமேட்ல ஒண்ணு சரியா இருந்தா இன்னொன்னு தொங்கும்.

தைக்குறதுன்னா துணிக்கடைல ஏமாறுற இடம் அகலம். மீட்டர் 300ன்னு ஒண்ணு, மீட்டர் 420ன்னு ஒண்ணு இருந்தா நம்ம கை தானா 300 பக்கம் போகும். ஆனா அது 36 இஞ்ச் அகலமா இருந்தா ஃபுல் ஹேண்டுக்கு ரெண்டரை மீட்டர் வேணும், 750 ஆச்சு. 420 ரூபா துணி 58 இஞ்ச் அகலம்னா 1.6 மீட்டர் போதும், 672தான். அகலத்த கேக்காம மீட்டர் விலைய மட்டும் கேக்கக்கூடாது. நல்ல உயரமா, கொஞ்சம் குண்டா இருந்தா டெய்லர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டு போங்க, 10 செ.மீ. துணி பத்தலன்னா அவரு கை நீளத்துலதான் புடிப்பாரு.

நூல் கவுண்ட்டுன்னு சொல்லுவாங்க, 40, 60, 80, 100ன்னு. நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு, துணி வழுவழுன்னு இருக்கும், விலையும் ஏறும். 2/100ன்னா ரெண்டு நூல முறுக்கி ஒண்ணாக்குனது, அது நல்லா உழைக்கும். ஆனா டெய்லி பஸ்ல தொங்கிட்டு போறவங்களுக்கு 40, 60 கவுண்ட்டே தாராளம், ஒத்த நூல் நூறு கவுண்ட்டு சட்டை மெல்லிசா இருக்கும், உள்ள பனியன் தெரியும், முள்ளுல மாட்டுனா அவ்ளோதான்.

வாங்குன துணிய ஒரு ராத்திரி தண்ணில போட்டு நிழல்ல காயவச்சு டெய்லர்கிட்ட குடுங்க. பருத்தி சுருங்கும், தைச்சப்புறம் சுருங்குனா கை மணிக்கட்டுக்கு மேல ஏறிரும். டெய்லர்கிட்ட உடம்பு அளவ விட அளவு சட்டை குடுக்குறது நல்லது, உங்களுக்கு ரொம்ப புடிச்ச பழைய சட்டை ஒண்ண குடுத்து "இதே மாதிரி, நீளம் மட்டும் அரை இஞ்ச் கூட்டிக்கங்க"ன்னு சொல்லிட்டா போதும். தையல் கூலி ஊருக்கு ஊரு மாறும், எங்க ஏரியால 400லேந்து 550. தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடி போயிட்டு அவசரம்னு சொல்லாதீங்க, தைப்பாரு, ஆனா காஜாவ, அதான் பட்டன் ஓட்டைய, பாத்தா அழுக வரும்.

கடைல நின்னு பாக்க வேண்டியது

இங்கதான் பொறுமையா இருக்கணும், சேல்ஸ்மேன் அண்ணன் பத்து சட்டைய பிரிச்சு போட்டு "சூப்பரா இருக்கும் சார் உங்க கலருக்கு"ம்பாரு, அவரு வேலை அது.

விலைச்சீட்ட பாக்குறதுக்கு முன்னாடி காலர தொடுங்க. காலர் உள்ள ஒட்டியிருக்குற கேன்வாஸ் துணியோட சேந்து ஒரே உடம்பா இருக்கணும், விரலால உருட்டுனா தனித்தனியா நழுவக்கூடாது. அது மட்டமா ஒட்டியிருந்தா நாலு துவைப்புல காலர் மேல கொப்புளம் கொப்புளமா வந்துரும், எந்த அயர்ன் பாக்ஸும் அத சரி பண்ணாது. சட்டை சாகுறதே முக்காவாசி காலர்லதான்.

அடுத்து சட்டைய உள்பக்கம் திருப்புங்க. கடைல கூச்சமா இருக்கும், பரவால்ல. பக்கவாட்டு தையல்ல நூல் பிசிறு தொங்குதா, தையல் நெருக்கமா இருக்கா பாருங்க, ஒரு இஞ்ச்சுக்கு 14, 15 தையல் இருந்தா நல்ல சட்டை, எட்டு ஒம்போதுன்னா அக்குள்ல சீக்கிரம் விடும். கட்டம் போட்ட சட்டைன்னா பாக்கெட்ல இருக்குற கட்டம் நெஞ்சுல இருக்குற கட்டத்தோட சேருதான்னு பாருங்க. இதுக்கு துணி கூட செலவாகும், அதுனால மிச்சம் புடிக்குறவங்க இத பண்ண மாட்டாங்க, கட்டம் சேந்துருந்தா அந்த சட்டைல மத்த இடத்துலயும் சிக்கனம் பண்ணலன்னு ஓரளவு நம்பலாம். உள்ள ஒரு எக்ஸ்ட்ரா பட்டன் தைச்சிருந்தா சந்தோஷம்.

சைஸ் நம்பர்ல நிறைய பேரு குழம்புவாங்க. பெரிய பிராண்ட் ஃபார்மல் சட்டைல 39, 40, 42, 44ன்னு இருக்குறது பெரும்பாலும் கழுத்து சுத்தளவு, சென்டிமீட்டர்ல. லோக்கல் ரெடிமேட்ல 38, 40, 42ங்குறது நெஞ்சளவு, இஞ்ச்ல. ரெண்டுலயும் 40 இருக்கு, ரெண்டும் ஒண்ணு இல்ல. அதுனால "நான் 40 சார்"னு சொல்லி பேக் பண்ண சொல்லாதீங்க, போட்டு பாருங்க.

போட்டு பாக்குறப்ப கண்ணாடி முன்னாடி விறைப்பா நிக்காதீங்க, அப்படி நின்னா எல்லா சட்டையும் நல்லாத்தான் இருக்கும். தோள் தையல் தோள் எலும்பு முடியுற எடத்துல நிக்கணும், கைல இறங்கக்கூடாது. மேல் பட்டன் போட்டு ரெண்டு விரல் உள்ள போகணும். அப்புறம் ஸ்டூல் இருந்தா உக்காருங்க, வயித்துகிட்ட பட்டனுக்கு நடுவுல வாய் திறக்குதான்னு பாருங்க. பஸ் கம்பிய புடிக்குற மாதிரி கைய தூக்குங்க, டக்இன் பண்ணது வெளிய வந்துருச்சுன்னா நீளம் பத்தல. உடம்பு லூசா இருந்தா டெய்லர் சைடு புடிச்சு குடுத்துருவாரு, நூறு ரூபாக்குள்ள முடியும். தோள் சரியில்லன்னா அங்கயே கழட்டி வச்சிருங்க, அத ஆல்ட்ரேஷன் பண்றது புது சட்டை தைக்குற வேலை.

கலர எடுக்கறப்ப கடை லைட்ட நம்பாதீங்க, வாசலுக்கு எடுத்துட்டு போய் வெயில்ல பாருங்க. நேவி புளூன்னு கருப்பு எடுத்துட்டு வந்தவன் நான்.

துணி எது

சென்னை, மதுரை வெயிலுக்கு காட்டன்தான், இதுல பேச்சே இல்ல. ஆனா கசங்கும். காட்டனும் பாலியஸ்டரும் கலந்தது அவ்ளோ கசங்காது, சீக்கிரம் காயும், ஹாஸ்டல்ல மேன்ஷன்ல இருக்குறவங்களுக்கு வசதி, ஆனா மத்தியானத்துக்கு மேல வியர்வை நாத்தம் நிக்கும். லேபிள்ல எத்தன சதவீதம்னு போட்டிருப்பாங்க, காட்டன் 60க்கு கீழ இருந்தா நான் எடுக்க மாட்டேன். ரிங்கிள் ஃப்ரீன்னு வர்றது காட்டன் மேல ஒரு மருந்து ஏத்துறது, முதல்ல சூப்பரா இருக்கும், துவைக்க துவைக்க அது போயிரும், துணியோட பலமும் கொஞ்சம் குறையும், அதுக்காக 300, 400 கூட குடுக்குறது எனக்கு ஒப்பல. லினன் காத்தோட்டம்னா காத்தோட்டம், ஆனா கார்ல ஏறி இறங்குனா பத்து வயசு கூடுன மாதிரி கசங்கிரும், அந்த கசங்கலே அழகுன்னு நெனைக்குறவங்க மட்டும் எடுங்க.

கடைல யாரும் சொல்லாத செலவு

இஸ்திரி. எங்க தெருவுல வண்டில தேய்க்குற அண்ணன் சட்டைக்கு 12 ரூபா வாங்குறாரு. நூறு தடவ போடுற 1,200 ரூபா சட்டைக்கு தேய்க்குற காசும் 1,200. சரிக்கு சரி! ஐநூறு ரூபா மிச்சம்னு மட்டமான காட்டன் எடுத்து அத தேய்க்க கிட்டத்தட்ட சட்டை விலை அளவுக்கே குடுக்குறோம், அதுக்கு யாரும் கணக்கு வைக்குறதில்ல. 1,000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ்ல ஒரு சட்டைக்கு அஞ்சு நிமிஷம்னா ஒரு யூனிட் கரண்டுல 12 சட்டை தேய்க்கலாம், அதுவும் பாக்ஸ் சூடேறுனதும் தானா அணைஞ்சு அணைஞ்சு எரியுறதுனால இன்னும் கம்மியாத்தான் ஆகும். ஞாயித்துக்கிழம சாயங்காலம் அஞ்சு சட்டை, அரை மணி நேரம். அண்ணன் பொழப்ப கெடுக்க சொல்லல, ஃபங்ஷன் வேட்டி சட்டை, அம்மா சேலையெல்லாம் அவருகிட்டயே குடுங்க, அந்த கரி பெட்டி மடிப்பு நமக்கு வராது.

எப்ப, எங்க

ஆடித் தள்ளுபடி தெரிஞ்சதுதான். பெரிய பிராண்ட் ஷோரூம்ல ஜனவரியும் ஜூலையும் சீசன் முடிஞ்ச சேல் வரும், அப்ப 40, 42 சைஸ் முதல்ல தீந்துரும், அதுனால முதல் வாரமே போங்க. கதர் கடைல அக்டோபர் 2 காந்தி ஜெயந்திய ஒட்டி ரிபேட் ஆரம்பிக்கும், கோ-ஆப்டெக்ஸ்லயும் தீபாவளி நேரத்துல ரிபேட் உண்டு, அங்க சட்டைத் துணியும் இருக்குங்குறது நம்ம பசங்க நிறைய பேருக்கு தெரியாது, போர்வையும் சேலையும் மட்டும்தான்னு நெனைச்சிட்டு இருக்காங்க. தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழம போகாதீங்க, போனா சட்டைய போட்டு பாக்க முடியாது, மூச்சு விட்டா போதும்னு வந்துருவீங்க.

"திருப்பூர் போனா சட்டை அள்ளிட்டு வரலாம்"னு யாராச்சும் சொல்லுவான். திருப்பூர் பனியன், டீசர்ட் ஊரு, அங்க போனா அத எடுங்க. சட்டைத் துணிக்கு ஈரோடு. அங்க ஜவுளிச் சந்தை திங்கக்கிழம ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாக்கிழம வரைக்கும் நடக்கும், ஆனா அது பெரும்பாலும் யாவாரிங்களுக்கு, ஒத்த பிட் கேட்டா முகத்த பாப்பாங்க, அஞ்சாறு பசங்க சேந்து போனா சரியா வரும்.

ஆன்லைன்ல எடுக்கலாம், ஆனா ஒரு தடவ கடைல போட்டு பாத்த பிராண்டா இருக்கட்டும், திருப்பி அனுப்ப முடியுமான்னு பாத்துட்டு பட்டன அழுத்துங்க.

எடுத்தாச்சு, இனி அத சாகடிக்காம இருக்கணும்

உள்பக்கம் திருப்பி துவைங்க, நிழல்ல காயப்போடுங்க. வெள்ளைச் சட்டை அக்குள்ல மஞ்சளா ஆகுறது வெறும் வியர்வைனால மட்டும் இல்ல, வியர்வை அடக்குற ஸ்ப்ரே, ரோல்ஆன்ல இருக்குற அலுமினியம் வியர்வையோட சேந்து பண்ற வேலை அது. அதுக்கு ப்ளீச்ச ஊத்துனா இன்னும் மஞ்சளாகும். போர் தண்ணில துவைக்குற வீடுன்னா வெள்ளை சீக்கிரம் மங்கும், அங்க இருக்குறவங்க வெள்ளைக்கு ஜாஸ்தி செலவு பண்ணாம இளநீலம், சாம்பல்னு போறது நல்லது. காலர வாரத்துக்கு ஒரு தடவ சோப்பு போட்டு விரலால தேய்ங்க, பிரஷ் போட்டு பரட்டு பரட்டுன்னு தேய்ச்சா காலர் மடிப்புல நூல் அறுந்துரும்.

அப்படியே அறுந்தாலும் தூக்கி போடாதீங்க, உடம்பு நல்லாருக்குற சட்டைன்னா பழைய டெய்லர் யாராச்சும் காலர பிரிச்சு திருப்பி தைச்சு குடுப்பாரு, நைஞ்ச பக்கம் உள்ள போயிரும், நல்ல பக்கம் மேல வந்துரும். எல்லாரும் பண்ண மாட்டாங்க, வேலை ஜாஸ்தி, காசு கம்மி. எங்க அப்பா போட்டிருக்குற அந்த "ஐநூறு ரூபா சட்டை" இப்ப திருப்பி தைச்ச காலரோடதான் ஓடிட்டு இருக்கு, திருப்பி தைச்சதுக்கு 80 ரூபா குடுத்தாரு, அதையும் சட்டை விலைல சேக்கல.